டிரெமென்ஹீர் துரையும் தாத்தாவின் டிரங்க் பெட்டியும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. வேலை பாதி, சோம்பேறித்தனம் பாதி. போன மாசம் நடந்த ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும்போல. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க :-)

அலுவலக வேலையா இங்கிலாந்திலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். அம்பத்தைந்து வயசு இருக்கும், நல்ல மனுஷன். சனிக்கிழமை ஊர் சுத்திக் காட்டுற பொறுப்பு வழக்கம்போல என் தலையில். செங்கல்பட்டுக்காரன் வேற எங்க கூட்டிட்டுப் போவேன்? மாமல்லபுரம்தான். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டை, கடற்கரைக் கோயில் எல்லாம் முடிச்சு இளநீர் குடிக்க நின்னோம். "தொரைக்கு வழுக்கையா, தண்ணியா?" என்று அந்தம்மா கேட்க, அவர் என்னிடம் திரும்பி, "தொரைன்னா என்ன?" என்றார். அதுல ஆரம்பிச்சுது பேச்சு.

"உங்க குடும்பப் பேர் என்ன?" என்று கேட்டார். நானும் விளக்கினேன். எனக்குக் குடும்பப் பேர்னு எதுவும் கிடையாது, பாஸ்போர்ட்ல அந்தக் கட்டத்துல எங்கப்பா பேரு. என் பொண்ணு பாஸ்போர்ட்ல அந்தக் கட்டத்துல என் பேரு. எங்கம்மாவோட பாஸ்போர்ட்ல தாத்தா பேரு. ஒரே வீடு, ஒரே அடுப்பு, மூணு குடும்பப் பேரு. மனுஷன் ஆடிப் போயிட்டார். அவங்க வீட்டுல அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாருக்கும் ஒரே பேராம். சர்ச் பதிவேட்டை வெச்சு 1500-கள் வரைக்கும் போயிட்டாராம். அதோட நிக்கல. போனைத் திறந்து ஒரு கேடயப் படம் காட்டினார். சிங்கம், கத்தி, பட்டை. "இது எங்க குடும்பச் சின்னம், இணையத்துல வாங்கினேன்."

(வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இங்கிலாந்துல இந்தச் சின்னங்களைப் பார்த்துக்கிறதுக்குன்னே ஒரு அமைப்பு இருக்கு, 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்'. ஒரு குடும்பப் பேருக்குன்னு சின்னம் எதுவும் கிடையாது, சின்னம் தனி ஆளுக்கும் அவரோட வாரிசுக்கும்தான் என்று அவங்களே தெளிவா சொல்றாங்க. காப்பி கோப்பையில சிங்கத்தைப் போட்டு விக்கிறதெல்லாம் நம்மூர்ல 'உங்க குலத்தின் வீர வரலாறு' என்று புத்தகம் போட்டு விக்கிறாங்களே, அந்த ரகம். அவரிடம் சொல்லலை. பாவம்.)

திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வழியா வந்தோம். ஒரு சுவத்துல போஸ்டர். அம்பேத்கர் படம், பஞ்சமி நிலத்தை மீட்போம்னு பெரிய எழுத்து, கீழே டிரெமென்ஹீர் அறிக்கைன்னு ஏதோ. என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். வாசிச்சேன். அந்தப் பேரைக் கேட்டதும் மனுஷன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திரும்பச் சொல்லுங்க. டிரெமென்ஹீரா? அது கார்ன்வால் பேராச்சே! எங்க அம்மா ஊர்ப் பக்கம்!"

அவர் சொன்னதையும் அப்புறம் நான் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

கார்ன்வால் என்பது இங்கிலாந்தோட தென்மேற்கு மூலை. அங்கே பழைய மொழி ஆங்கிலம் இல்லை, கார்னிஷ் என்ற தனி மொழி. வேல்ஸ் மொழிக்கு உறவு. அந்த மொழியில் 'டிரெ' என்றால் குடியிருப்பு, பண்ணை ஊர். 'மென்' என்றால் கல். 'ஹிர்' என்றால் நெடிய. நெடுங்கல் நிற்கும் ஊர். பென்சான்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்துல லட்ஜ்வன் திருச்சபைப் பகுதியில் அந்தப் பேருல ஒரு இடம் இன்னைக்கும் இருக்கு, சிற்பத் தோட்டம் ஆக்கியிருக்காங்க. டிரே, பால், பென் என்று பேரு ஆரம்பிச்சா அவன் கார்ன்வால்காரன்னு அங்கே சொலவடையே உண்டாம். நம்ம பக்கம் 'பாக்கம்' மாதிரி. ஊரப்பாக்கம், கல்பாக்கம்...

அட, கல்பாக்கம்! அதேதானே! கல், பாக்கம். கல் இருக்கும் ஊர். செங்கல்பட்டுக்கு வந்த வெள்ளைக்காரக் கலெக்டரோட குடும்பப் பேரைத் தமிழ்ல எழுதினா நெடுங்கல்பாக்கத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கலை. அவருக்கும்தான், நான் அதை விளக்கினப்புறம்.

நெடுங்கல்லுக்கு நம்ம பேச்சுவழக்கில் என்ன பேர்? குத்துக்கல். ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி யாரோ நட்ட கல். நம்ம மாவட்டமும் கல்லுக்குக் குறைஞ்சதில்லை. மதுராந்தகம் பக்கம் சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் தோண்டினாங்க, பெருங்கற்கால ஈமக்காடு. அமிர்தமங்கலம், குன்னத்தூர் என்று வரிசையா இருக்கு. வட்டவட்டமா கல் அடுக்கி, நடுவுல தாழி. ஊர்ல பாண்டவர் குழின்னு சொல்லுவாங்க. கார்ன்வால்ல அப்படி ஒரு கல்லுக்குப் பக்கத்துல குடியிருந்த குடும்பத்துக்கு அந்தக் கல்லே பேராகி, அந்தப் பேரு கப்பலேறி நம்மூர்க் கச்சேரிக்கு வந்திருக்கு.

சரி, இந்தக் குடும்பப் பேரெல்லாம் எப்ப, ஏன் வந்தது? இங்கேதான் மேட்டரே இருக்கு.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் ஒத்தைப் பேர்தான். அடையாளம் தெரியணும்னா ஒரு ஒட்டு. கொல்லன் ஜான், குள்ள ஜான், ராபர்ட் மகன் ஜான், ஓடைக்கரை ஜான். நம்ம ஊர்ல ஆலமரத்து வீட்டு முனுசாமி, குட்டை முனுசாமி என்று சொல்றோமே, அதே கதை. இந்த ஒட்டு அவன் செத்தா அவனோட போயிடும். பிள்ளைக்கு வேற ஒட்டு. அதைப் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறக்கிவிட ஆரம்பிச்சது நிலம் வெச்சிருந்தவங்கதான். இந்த எஸ்டேட் என் அப்பனுது, நான் அவன் வாரிசுன்னு காட்ட, எஸ்டேட் பேரையே தன் பேராக்கிக்கிட்டாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கீழே இறங்கிச்சு. பண்ணை நீதிமன்றச் சுருள்ல குத்தகைக்காரன் பேரு ஏறும், அதோட நகல்தான் அவனுக்குப் பட்டா. 1377, 1379, 1381-ல் தலைவரி போட்டப்ப வரி கட்டுறவன் பேரை எழுதினாங்க. 1400 வாக்கில் இங்கிலாந்துல பெரும்பாலான குடும்பத்துக்குப் பேரு நிலைச்சிடுச்சு. 1538-லிருந்து சர்ச்சுல பிறப்பு, கல்யாணம், சாவு எழுதி வெக்கணும்னு உத்தரவு. பக்கத்துல வேல்ஸ்காரங்க மட்டும் ரொம்ப காலம் நம்மளை மாதிரியே இன்ன மகன் இன்னார்னு இருந்திருக்காங்க. 'ஆப் ரீஸ்', அதாவது ரீஸ் மகன், கடைசில ஒட்டிப்போய் பிரைஸ் ஆச்சு. 'ஆப் ஹவெல்' பவல் ஆச்சு. இனிஷியல் உறைஞ்சுபோன கதை!

அதாவது பேரு தானா நிலைக்கலை. நிலம், வரி, வாரிசு, இதை எழுதி வெக்கற ஏடு. இவ்வளவும் இருந்தாத்தான் பேரு நிக்குது.

இன்னொரு கலெக்டரையும் இங்கே கூப்பிட்டுக்கறேன், மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் போனவங்களுக்குத் தெரிஞ்ச ஆளு. லியோனல் பிளேஸ் துரை. 1790-களில் கம்பெனி ஜாகீரோட கலெக்டர். ஏரிக்கரை உடையாம இருந்தா தாயார் சன்னதி கட்டித் தரேன்னு சொன்னார், கொட்டுற மழையில கரைமேல வில்லோட ரெண்டு பேர் காவல் நின்னதைப் பார்த்தார், சொன்னபடி கட்டினார் என்பது கோயில் கதை. கும்பினி ஜாகீர் கலெக்டர் செய்த தர்மம்னு அவர் பேரோட தமிழ்ல கல்வெட்டே இருக்கு. இந்த 'பிளேஸ்' என்ற பேருக்கு அகராதியைப் பார்த்தா ஒரு வழி இல்லை, பல வழி. பழைய பிரெஞ்சுல கிளைகளைப் பின்னிக் கட்டின வேலிக்கு ஒரு சொல், அது ஒண்ணு. ஊர்ச் சதுக்கம், பெரிய வீடு என்ற சொல் இன்னொண்ணு. பிளேய்ஸ்னு தட்டையா ஒரு மீன், அதை விக்கிறவன் மூணாவது. மூணும் வாய்ல உருண்டு ஒரே எழுத்தாயிடுச்சு. சென்னையில ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதி ஆகி, அதை யாரோ மறுபடி இங்கிலீஷ்ல பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆக்கினதா சொல்லுவாங்களே, அந்த மாதிரி. எழுத்தை வெச்சு, என் பாட்டன் சதுக்கத்துப் பெரிய வீட்டுக்காரன்னு ஒருத்தன் மார்தட்டினா, மீன்காரனா இருக்கவும் அதே வாய்ப்பு. ஆனா டிரெமென்ஹீர் மாதிரி அபூர்வமான ஊர்ப்பேர் வேற. அதைத் தூக்கினா ஒரே இடத்துக்குத்தான் போய் நிக்கும்.

சரி, இடத்துக்குப் போய் நிக்கும். ரத்தத்துக்கும் போய் நிக்குமா? அதுதான் இல்லை. பத்துத் தலைமுறை பின்னால போனா உங்களுக்கு 1024 மூதாதையர். குடும்பப் பேரு அதுல ஒரே ஒருத்தர் கிட்ட இருந்துதான் வருது. மீதி 1023 பேர் யாரு? இன்னும் கேளுங்க. 1485-ல் செத்த மூன்றாம் ரிச்சர்டு ராஜாவோட எலும்பு 2012-ல் லெஸ்டர் நகரத்துல ஒரு கார் பார்க்கிங் அடியில கிடைச்சுது. அப்பன் வழியா அந்த வம்சம்னு காகிதத்துல இருக்கிற ஆண்களோட மரபணுவை ஒப்பிட்டு 2014-ல் முடிவு சொன்னாங்க. பொருந்தலை. நடுவுல எங்கேயோ சங்கிலி அறுந்திருக்கு. தாய் வழி வந்தவங்களோடது பொருந்திச்சு. ராஜ வம்சக் காகிதத்துக்கே இந்தக் கதின்னா நம்மூர்ல 'நாங்க பல்லவ சேனாதிபதி பரம்பரை'ன்னு பிளக்ஸ் வெக்கிறவங்களை என்னத்த சொல்ல!

நமக்கும் இடைக்காலக் குடும்பப் பேரு இருந்ததா? இருந்தது. இதே தொண்டை மண்டலத்துல. சேக்கிழார்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அது அவர் பேரு இல்லை. பேரு அருண்மொழித்தேவர். சேக்கிழார் என்பது குடிப்பெயர், குன்றத்தூர்க் குடி. 12-ஆம் நூற்றாண்டு. இங்கிலாந்துல பெரிய வீட்டுக்காரங்க பேரை நிலைப்படுத்திக்கிட்டிருந்த அதே காலம். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினா 'இன்ன ஊர் உடையான்', 'இன்ன ஊர் கிழான்' என்று வரிசையா வரும். உடையான்னா நிலம் உடையவன். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை ஜனநாயகம் ஜனநாயகம்னு நாம கொண்டாடுறோம். நானும் பழைய பதிவுல கொண்டாடியிருக்கேன். 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டை இப்ப மறுபடி படிச்சேன். ஓலையில பேரு எழுதிக் குடத்துல போடணும்னா கால்வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும். நிலம் இல்லாதவன் பேரு ஓலைக்கே வராது. லட்ஜ்வன் ஆனா என்ன, உத்திரமேரூர் ஆனா என்ன!

இப்ப நம்ம நெடுங்கல்பாக்கத்தாருக்கு வருவோம்.

ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர் 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்தப்ப அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார், இந்த மாவட்டத்துப் பறையர்களோட நிலைமை பத்தி. கூலி, கடன், பண்ணையடிமை, குடிசை, நோய் எல்லாம் அதுல இருக்கு. இந்த மாவட்டம் மிராசு மாவட்டம். ஊர்த் தரிசு நிலத்துக்கு ஒரு ஏழை தர்க்காஸ்து போட்டா, மிராசுதார் வந்து எனக்கு முதல் உரிமைன்னு வாங்கிக்கலாம். குடியிருக்கிற மனைகூட மிராசுதாரோடது. முறைச்சுக்கிட்டா வெளியே போ. (இந்த மிராசு உரிமையைப் பத்தி விலாவாரியா 1799-லேயே அறிக்கை எழுதி வெச்சவர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம பிளேஸ் துரைதான். அவர் பேரு கோயில்ல இருக்கு.) இந்த மக்களுக்கு நிலம் கொடுக்கணும்னு டிரெமென்ஹீர் சொன்னதை ஒட்டி 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. அப்படிக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர்னு பொதுவா சொல்றாங்க. நிபந்தனை: பத்து வருஷம் விக்கவே கூடாது, அதுக்கப்புறம் வித்தாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விக்கணும், மத்தவங்களுக்கு வித்தா செல்லாது.

எனக்கு இதுல உறைச்சது ஒண்ணுதான். அந்த மனுஷன் பேரே ஒரு துண்டு நிலத்தோட பேரு. இடைக்காலத்துல அவங்க ஆளுங்க ஒரு கல்லுக்குப் பக்கத்துல நிலம் வெச்சிருந்தாங்க, அதனால பேரு நிலைச்சுது. அந்தப் பேரோட வந்தவர், தலைமுறை தலைமுறையா இங்கேயே வாழ்ந்தும் குடிசை போட்ட மண்ணுகூடச் சொந்தமில்லாத ஜனங்களைப் பார்த்து, நிலம் கொடுன்னு எழுதினார். துரைமாரெல்லாம் தேவதூதன்னு சொல்ல வரலை. கும்பினி அடிச்ச கொள்ளை ஊருக்கே தெரியும், வெறும் ஒரு அறிக்கையால அது சரியாகிடாது. ஆனா இந்த ஒரு காகிதம் வேலை செஞ்சுது.

வேலை செய்யாமலும் போச்சு. மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமம். பஞ்சமி நிலத்தை மீட்கணும்னு 1994-ல் போராட்டம். வெச்ச அம்பேத்கர் சிலையை எடுத்துட்டாங்க. அதைக் கேட்டு செங்கல்பட்டுல அக்டோபர் 10-ஆம் தேதி திரண்டவங்க மேல துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேர் செத்தாங்க. இன்னைக்கு நாம காரை நிறுத்தி இளநீர் குடிக்கிற இடத்துலேர்ந்து கொஞ்ச தூரம்தான்.

இதே செங்கல்பட்டுலதான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. சௌந்தரபாண்டியனார் தலைமை. பேருக்குப் பின்னாடி வர்ற சாதிப் பட்டத்தை விட்டுடணும்னு தீர்மானம். அந்த வெள்ளைக்காரர் என்னைக் கேட்டாரே, உனக்குக் குடும்பப் பேரு இல்லையான்னு, அதுக்கு நிஜமான பதில் எங்க ஊர்லயே இருந்திருக்கு! எங்க தாத்தா பேருக்குப் பின்னாடி வால் இருந்தது, எங்கப்பாவுக்கு இல்லை. அதே மாநாட்டுலதான் பெண்களுக்குச் சொத்துல சம உரிமை வேணும்னும் தீர்மானம். சட்டமா வர 1989 ஆச்சு. வாலை அறுக்கிறது சுலபமா இருந்திருக்கு, நிலத்துல பங்கு கொடுக்க அறுபது வருஷம்.

இப்ப நம்ம பசங்க சில பேர் அறுத்த வாலைத் திரும்ப ஒட்ட வெக்கிறாங்க. கேட்டா வேர்களைத் தேடறோம்ங்கிறாங்க. தேடுங்க சாமி, நல்லா தேடுங்க. ஆனா குடும்பப் பேரைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போனா கடைசில வீரனோ ராஜாவோ கிடைக்க மாட்டான், ஒரு நிலப் பதிவேடுதான் கிடைக்கும். அதுல யாரு பேரு இருக்கு, யாரு பேரு இல்லைன்னு பார்க்கிற தைரியம் இருந்தாத் தேடலாம். இது என் கட்சி. இவ்வளவு வீராப்பா எழுதறேனே, நான் தேடினேனா?

தேடினேன். அதுதான் குடைச்சல்.

அவர் ஊருக்குப் போனப்புறம் ரோஷம் வந்து, நம்ம எத்தனை தலைமுறை போக முடியும்னு பார்க்கலாம்னு தாத்தாவோட டிரங்க் பெட்டியைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசனை, கிஸ்தி ரசீதுக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, பத்திரங்கள். அப்பா, தாத்தா, தாத்தாவோட அப்பா, மூணு பேரு. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. பெண்கள் பேரு ஒண்ணே ஒண்ணு, அதுவும் சாட்சிக் கையெழுத்துல இன்னார் மனைவின்னு. இருக்கட்டும்.

1961-ல் ஒரு கிரயப் பத்திரம். தாத்தா வாங்கின ஒரு ஏக்கர் சொச்சம். நாங்க 'கிழக்கால துண்டு'ம்போம். சின்ன வயசுல அங்கதான் வேர்க்கடலை பிடுங்குவோம். வித்தவர் கைநாட்டு. எழுத்தைத் தடவித் தடவிப் படிச்சா, 'என் தகப்பனாருக்கு சர்க்காரால் கண்டிஷன் பேரில் தர்க்காஸ்து கொடுக்கப்பட்டு' அனுபவிச்சு வந்த நிலம்னு ஒரு வரி. தகப்பனார் பேரும் இருக்கு, அவரோட தகப்பனார் பேரும் இருக்கு.

கண்டிஷன் பேரில். என்ன கண்டிஷன்னு மேலே எழுதிட்டேன்.

ரெண்டு மூணு தடவை படிச்சேன். அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் அந்தத் துண்டை மனையாப் போட ஆள் பார்த்துக்கிட்டிருக்கான். கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் நிலம் என்ன விலை போகுதுன்னு உங்களுக்கே தெரியும். "டேய், இப்ப பட்டா நம்ம பேருல இருக்கு. அறுபது வருஷக் கதை. அதை எதுக்குடா கிளறற?" என்றான். "பழைய அ பதிவேட்டுல டி.சி. நிலம்னு இருந்தா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தாத்தா ஏமாத்தி வாங்கலடா, காசு கொடுத்துத்தான் வாங்கினாரு" என்றான். அது உண்மைதான். பத்திரத்துல தொகை இருக்கு. அந்தத் தொகையைப் பத்தி நான் அவனிடம் எதுவும் பேசலை.

அம்மாவிடம் வித்தவர் பேரைச் சொன்னேன். "அந்தப் பெரியவரா? அவர் பேரன்தானே கூட்டுரோட்டுல பங்க்சர் கடை வெச்சிருக்கான். உன்கூட ஆறாங்கிளாஸ் படிச்சானேடா!" என்றார்.

படிச்சான். நல்லா ஞாபகம் இருக்கு. ஒரே பெஞ்சு. அவனுக்கும் என்னை மாதிரியே ஒத்தை எழுத்து இனிஷியல், அப்பா பேரோட முதல் எழுத்து. அதுக்கு மேல போகாது. அவனோட தாத்தாவின் அப்பா பேரு, அதுக்கும் மேல ஒருத்தர் பேரு, ரெண்டும் எழுத்துல எங்க வீட்டுப் பெட்டிக்குள்ள இருக்கு.

வண்டி டயர் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் வர்ற ஞாயித்துக்கிழமை அந்தக் கடைக்குப் போகணும். பத்திரத்தை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன். அண்ணனுக்கு இன்னும் சொல்லலை.